பூங்கா எங்கே போயிற்று?

வீடு பார்க்கப் போகிறோம் என்றால் பெண்களாகிய நாம் முதலில் எதைப் பார்ப்போம்? சமையலறையில் வெளிச்சம் வருகிறதா, கிணற்றுத் தண்ணீர் உப்பா, நல்ல தண்ணீரா, ஸ்டேஷனுக்கு எவ்வளவு தூரம், ஸ்கூல் வேன் வாசல் வரை வருமா... 'பரணுக்குக் கதவு போட்டுத் தருவீங்களா?' என்று கூட மறக்காமல் கேட்டுவிடுவோம். ஆனால், 'இந்த நகரில் குழந்தைகள் விளையாட இடம் எங்கே விட்டிருக்கிறீர்கள்?' என்று கேட்கிறவர்கள் நம்மில் எத்தனை பேர்?

கேட்க வேண்டும், சகோதரிகளே! வீட்டுக்குள் இருப்பது நாம் காசு கொடுத்துப் பிறகு மாற்றிக்கொள்ளக்கூடியது. வீட்டுக்கு வெளியே விட்டுவைக்க வேண்டிய இடம் அப்படியல்ல. ஒரு தடவை போனால் போனதுதான்.

எங்கள் பக்கத்தைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன். சென்னைக்கு மேற்கே அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லி என்று வரிசையாக ஊர்கள். ஒரு காலத்தில் ஏரியும் வயலுமாக இருந்த பூமி. ஆவடியில் 1961-ல் கனரக வாகனத் தொழிற்சாலையை ஏற்படுத்தினார்கள். 1964-ல் அம்பத்தூர் தொழிற்பேட்டை வந்தது. வேலைக்கு வந்தவர்களுக்கு வீடு வேண்டாமா? வயல்களெல்லாம் 'நகர்' ஆயின, 'அவென்யூ' ஆயின, 'கார்டன்' ஆயின. கார்டன் என்று பெயர் வைத்த இடத்தில் ஒரு செடி கூட இருக்காது என்பது வேறு விஷயம்!

ஆவடித் தொழிற்சாலைக் குடியிருப்புக்கு நீங்கள் போயிருக்கிறீர்களோ, என்னவோ. அங்கே குடியிருப்போடு சேர்த்தே பள்ளிக்கூடம், மைதானம், ஆஸ்பத்திரி எல்லாவற்றுக்கும் இடம் விட்டிருக்கிறார்கள். அது அரசாங்கப் பணம், விட்டார்கள் என்பீர்கள். 1977-ல் உலக வங்கிக் கடனுதவியோடு அரும்பாக்கம், வில்லிவாக்கம், கொடுங்கையூரில் குறைந்த வருமானக்காரர்களுக்காக மனைத் திட்டம் தொடங்கினார்களே, அங்கே மனைகள் கையகலம்தான். ஆனாலும் பள்ளிக்கும் கடைக்கும் என்று இடம் ஒதுக்கித்தான் பிரித்தார்கள். ஆகவே, பணக்காரர்கள் பேட்டையில்தான் பூங்கா இருக்கும் என்பது சரியில்லை. பிரிக்கும்போதே விட வேண்டும், அவ்வளவுதான்.

நாங்கள் அம்பத்தூருக்கும் ஆவடிக்கும் நடுவே ஒரு நகரில் 2006-ல் மனை வாங்கினோம். விற்க வந்தவர் ப்ளூ பிரிண்ட்டை மேஜை மேல் விரித்து, அதில் ஒரு மூலையைத் தொட்டுக் காட்டி, "இதோ பார்க் வருதுங்க. உங்க மனையிலேருந்து நாலாவது. குழந்தையை வாசல்லேருந்தே பார்த்துக்கலாம்" என்றார். அதற்காகச் சதுர அடிக்குப் பத்து ரூபாய் கூடுதலாகவும் கேட்டார். கொடுத்தோம். 2008-ல் வீடு கட்டிக் குடி வந்தபோது என் பெண்ணுக்கு மூன்று வயது.

பூங்கா என்று காட்டிய இடத்தில் சீமைக்கருவேலம் மண்டிக் கிடந்தது. 'வரும், வரும்' என்று காத்திருந்தோம். 2014-ல் ஒரு நாள் காலையில் பார்த்தால், அங்கே புல்டோசர் நிற்கிறது! முள்ளெல்லாம் வெட்டி, சுற்றிக் கல் நட்டு, கம்பி வேலியும் போட்டாகிவிட்டது. 'அடேயப்பா, பூங்கா வந்துவிட்டது!' என்று எதிர்வீட்டு அக்கா கையைத் தட்டினார். வேலி போட்டவரிடம் போய்க் கேட்டால், "பூங்காவா? நான் காசு கொடுத்து வாங்கின இடம்மா இது. பட்டா இருக்கு" என்று ஒரு காகிதத்தைக் காட்டுகிறார்.

பட்டா நிஜமானதுதான். இது எப்படி என்று எங்களுக்குத் தலை சுற்றியது. அதைத் தெரிந்துகொள்ளக் கிளம்பியதில்தான் நான் சட்டம் படித்தேன் என்று வைத்துக்கொள்ளுங்களேன். பயப்படாதீர்கள், சமையல் குறிப்பு மாதிரியே சொல்கிறேன்.

தமிழ்நாட்டில் நகர் ஊரமைப்புச் சட்டம் என்று ஒன்று 1971-ல் இயற்றப்பட்டது. எந்த இடத்தில் வீடு, எந்த இடத்தில் தொழிற்சாலை, எங்கே சாலை என்பதற்கெல்லாம் அதுதான் தாய்ச் சட்டம். சென்னையிலும் புறநகரிலும் அதை நடத்தி வைக்கிற பெரிய அமைப்பு சி.எம்.டி.ஏ. என்கிற பெருநகர் வளர்ச்சிக் குழுமம். ஒருவர் தம் நிலத்தை மனைகளாகப் பிரிக்க வேண்டும் என்றால் அனுமதி வாங்க வேண்டும். அந்த அனுமதிக்குத்தான் ஒரு நிபந்தனை இருக்கிறது. நிலம் 10,000 சதுர மீட்டருக்கு மேல், அதாவது நம் கணக்கில் சுமார் 45 கிரவுண்டுக்கு மேல் இருந்தால், சாலைகள் போக மீதியில் நூற்றுக்குப் பத்து பங்கை எல்லோருக்கும் பொதுவான திறந்தவெளியாக விட வேண்டும். விட்டால் மட்டும் போதாது. உள்ளூர் நகராட்சிக்கோ, மாநகராட்சிக்கோ, பஞ்சாயத்துக்கோ தானப் பத்திரம் எழுதி ரிஜிஸ்டர் செய்து ஒப்படைக்க வேண்டும். இதைத்தான் ஓ.எஸ்.ஆர். நிலம் என்கிறார்கள்.

கணக்குப் போட்டுப் பார்ப்போமா? ஐந்து ஏக்கர் என்றால் ஏறக்குறைய 90 கிரவுண்டு. சாலைக்கு 25 போனால் மீதி 65. அதில் பத்தில் ஒரு பங்கு, ஆறரை கிரவுண்டு. ஊஞ்சல், சறுக்குமரம், பெரியவர்கள் நடக்கப் பாதை, நாலு வேப்பமரம், உட்கார ஆறு சிமென்ட் பெஞ்சு எல்லாவற்றுக்கும் தாராளமாகப் போதும்.

3,000 முதல் 10,000 சதுர மீட்டர் வரை உள்ள நிலத்துக்கு, இடத்துக்குப் பதிலாக அதன் வழிகாட்டி மதிப்பைப் பணமாகக் கட்டிவிடலாம் என்று ஒரு வழி வைத்திருக்கிறார்கள். 3,000-க்குக் கீழே ஒன்றுமே வேண்டாம். இதனால் என்ன ஆகிறது தெரியுமா? பெரிய நிலத்தைத் துண்டு துண்டாக்கி, ஒவ்வொன்றும் கணக்குக்குக் கீழே வரும்படி பிரிக்கிற கெட்டிக்காரர்களும் உண்டு. முறத்தில் அரிசியைக் கொட்டிக் கல் பொறுக்கச் சொன்னால், ஒவ்வொரு பிடியாகக் காட்டி 'இதில் கல் இல்லை, இதில் கல் இல்லை' என்கிற கதைதான்.

சரி, எங்கள் நகரில் தானப் பத்திரம் எழுதவில்லையா? எழுதியிருந்தார்கள்! பின்னே பட்டா எப்படி வேறொருவர் கைக்குப் போயிற்று?

இந்த இடத்தைக் கொஞ்சம் கவனமாகப் படியுங்கள். பத்திரம் வேறு, பட்டா வேறு. பத்திரம் சார்பதிவாளர் அலுவலகத்தில் பதிவாகிறது. பட்டா தாசில்தார் அலுவலகக் கணக்கில் இருக்கிறது. கல்யாணம் முடிந்து மருமகள் வீட்டுக்கு வந்துவிட்டாள். ஆனால் ரேஷன் கார்டில் பெயர் சேர்க்கவில்லை. அவளுக்குச் சர்க்கரை கிடைக்குமா? அது மாதிரிதான். தானம் வாங்கிய உள்ளாட்சி, அந்த நிலத்தைத் தனியாக அளந்து உட்பிரிவு செய்து, பட்டாவைத் தன் பெயருக்கு மாற்றிக்கொள்ள வேண்டும். சுற்றி வேலி போட்டுப் பலகை வைக்க வேண்டும். இது நடக்காவிட்டால், பட்டா பழைய சொந்தக்காரர் பெயரிலேயே தூங்கிக்கொண்டிருக்கும். நிலத்தின் விலை ஏற ஏற, வாரிசுகளில் யாராவது அதைத் தட்டி எழுப்பி விற்றுவிடுவார்கள். எங்கள் நகரில் நடந்ததும் இதுதான். வாங்கியவரும் ஒரு வகையில் ஏமாந்தவர்தான், பாவம்.

எங்கள் தெருவில் ஆண்கள் எல்லோரும் காலை ஏழு மணி ரயிலுக்குப் போனால் ராத்திரி எட்டுக்குத்தான் வருவார்கள். "ஞாயிற்றுக்கிழமை மீட்டிங் போட்டுப் பேசலாம்" என்றார்கள். எட்டு ஞாயிற்றுக்கிழமைகள் பேசினார்கள். அதற்குள் வேலிக்குள் செங்கல் வந்து இறங்கிவிட்டது. என் மாமியார்தான், "அவங்க பேசிட்டே இருக்கட்டும். பகல்ல ஆபீஸ் திறந்திருக்கிற நேரத்துல வீட்டுல இருக்கிறது நாமதானே? நாம போவோம் வா" என்றார்.

நாங்கள் ஐந்து பெண்கள் போனோம். அந்த அலுவலகத்தின் பெயர் இங்கே வேண்டாம். "ஏம்மா, இதுக்கெல்லாம் லேடீஸ் அலையணுமா? வீட்டுக்காரரை வரச் சொல்லுங்க" என்றார் அங்கே இருந்தவர். மாமியார் அசரவில்லை. "வீட்டுக்காரர் சாயந்திரம் பார்க்குக்கு வர மாட்டாருப்பா. நாங்கதான் வருவோம். அதனால நாங்கதான் கேட்போம்" என்றாரே பார்க்கலாம்!

முதலில் எங்களுக்குக் கிடைத்த ஆயுதம் எங்கே இருந்தது தெரியுமா? பீரோவில்! வீட்டுக் கடன் வாங்கும்போது பாங்குக்குக் கொடுத்த ஃபைலில், அனுமதி எண்ணும் சீலும் போட்ட மனைப்பிரிவு வரைபடத்தின் நகல் இருந்தது. அதில் 'பூங்கா' என்று தெளிவாக எழுதியிருந்தது. அடுத்து, அந்தச் சர்வே எண்ணுக்கு வில்லங்கச் சான்று போட்டோம். உள்ளாட்சியின் பெயருக்கு எழுதிக் கொடுத்த தானப் பத்திரம் அதில் வரிசையாகப் பதிவாகியிருந்தது. மூன்றாவதாக, 2005-ல் வந்த தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் ஒரு மனு. வெள்ளைத்தாளில் எழுதி, பத்து ரூபாய் கோர்ட் ஃபீ ஸ்டாம்பு ஒட்டினால் போதும். 'மேற்படி மனைப்பிரிவில் தானமாகப் பெற்ற நிலம் எவ்வளவு? பட்டா யார் பெயரில் உள்ளது? வேலி போட எடுத்த நடவடிக்கை என்ன?' என்று மூன்றே கேள்வி. முப்பது நாளுக்குள் பதில் தர வேண்டும் என்பது சட்டம். இருபத்தொன்பதாம் நாள் பதில் வந்தது. 'பட்டா மாற்றம் செய்யப்படவில்லை' என்று அவர்கள் கையெழுத்தோடு!

அதற்குப் பிறகு கலெக்டர் அலுவலகத்தில் திங்கட்கிழமை குறைதீர்க்கும் நாளில் மனுக் கொடுத்தோம். அனுமதி இல்லாத கட்டடத்தை நிறுத்தச் சொல்லவும், எடுக்கச் சொல்லவும் 1971-ஆம் வருடச் சட்டத்தின் 56, 57-ஆம் பிரிவுகள் அதிகாரம் தருகின்றன என்று அதில் குறிப்பிட்டோம். பூங்கா, விளையாட்டிடம், திறந்தவெளி ஆகியவற்றைப் பாதுகாப்பதற்கென்றே தமிழ்நாட்டில் 1959-லேயே ஒரு தனிச் சட்டம் இருக்கிறது என்பதையும் எழுதினோம். சட்டத்தின் எண்ணைப் பார்த்ததும் எதிரே இருப்பவர் பேசுகிற விதமே மாறிவிடுகிறது. இதை நான் கண்ணால் கண்டேன்.

'இதெல்லாம் கோர்ட்டில் நிற்குமா?' என்று சந்தேகப்பட்டவர்களுக்கு நான் சொன்னது பெங்களூர்க் கதை. அங்கே ஒரு குடியிருப்பில் பூங்காவுக்கென்று ஒதுக்கிய இடத்தைத் தனியார் ஆஸ்பத்திரி கட்டக் கொடுத்துவிட்டார்கள். ஆஸ்பத்திரி நல்ல காரியம்தானே என்று பேசாமல் இருந்துவிடவில்லை, அங்கே குடியிருந்தவர்கள். வழக்குப் போட்டார்கள். சுப்ரீம் கோர்ட் வரை போயிற்று. 1991-ல் தீர்ப்பு வந்தது. பூங்காவுக்கென்று ஒதுக்கியதை இப்படிக் கொடுத்தது செல்லாது, அதைத் தட்டிக்கேட்க அங்கே குடியிருப்பவர்களுக்கு உரிமை உண்டு என்று சொல்லிவிட்டார்கள். நோய்க்கு மருந்து தருகிற இடம் அவசியம். நோய் வராமல் காக்கிற இடமும் அதே அளவு அவசியம் அல்லவா?

எங்களுக்குக் கோர்ட் வரை போக வேண்டியிருக்கவில்லை. ஆனால் சுலபத்திலும் முடியவில்லை. 2017-ல் பட்டா மாறியது. 2018-ல் உள்ளாட்சியின் வேலியும் பலகையும் வந்தன. 2021-ல்தான் ஊஞ்சல் ஆடியது. மூன்று வயதில் என் பெண்ணுக்காகக் காத்திருந்த ஊஞ்சல், அவள் பிளஸ் ஒன் படிக்கும்போது வந்தது. அந்த பதின்மூன்று வருடமும் அவள் எங்கே விளையாடினாள்? மொட்டை மாடியில், கார் நிறுத்துகிற இடத்தில், பிறகு டி.வி.க்கு முன்னால். அதை நினைத்தால் இப்போதும் எனக்குத் தொண்டையை அடைக்கும். நிலத்தை மீட்கலாம், பட்டாவை மாற்றலாம். குழந்தைப் பருவத்தை யார் திருப்பித் தர முடியும்?

இது வெறும் பொழுதுபோக்கு விஷயமில்லை. 5 முதல் 17 வயது வரை உள்ள பிள்ளைகள் சராசரியாகத் தினம் 60 நிமிடமாவது ஓடியாடி, மூச்சு வாங்க விளையாட வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். அதற்கும் சின்னக் குழந்தைகள் ஒரு நாளில் மொத்தம் மூன்று மணி நேரம் உடம்பை அசைத்துக்கொண்டிருக்க வேண்டுமாம். இரண்டு பெட்ரூம் வீட்டில் அது நடக்கிற காரியமா? லாரி போகிற தெருவில்தான் விட முடியுமா? ஆவடி பருத்திப்பட்டு ஏரிக்கரையில் 2019-ல் அழகான பூங்கா திறந்தார்கள். ரொம்ப சந்தோஷம். ஆனால் அது ஞாயிற்றுக்கிழமை புளியோதரை கட்டிக்கொண்டு போகிற இடம். அடுப்பில் பருப்பை வைத்துவிட்டு எட்டிப்பார்க்கிற தூரத்தில் ஒன்று வேண்டாமா? என் மாமியாருக்குச் சர்க்கரை. தினம் நடக்கச் சொல்லி டாக்டர் சொன்னதை, தெருநாய்க்கும் மோட்டார் சைக்கிளுக்கும் பயந்து அவர் தள்ளிப்போட்டது எத்தனை வருடம்! இப்போது காலையில் ஆறு சுற்று. கூடவே நாலு தோழிகள். சர்க்கரையும் கட்டுக்குள் இருக்கிறது, பேச்சும் குறையவில்லை!

இன்னும் ஒரு ரகம் உண்டு. அனுமதியே வாங்காமல் பிரித்த மனைகள். எங்கள் மேற்குப் பக்கத்தில் இவை ஏராளம். 2016 செப்டம்பரில் சென்னை உயர்நீதிமன்றம், இப்படிப்பட்ட மனைகளைப் பதிவு செய்யவே கூடாது என்று தடை போட்டது. அடுத்த வருடம் மே மாதம், கட்டணம் வாங்கிக்கொண்டு வரன்முறைப்படுத்த அரசாங்கம் விதி கொண்டுவந்தது. ஏற்கெனவே பணத்தைப் போட்டுவிட்ட ஏழை, நடுத்தரக் குடும்பங்களுக்கு அது ஆறுதல்தான். ஆனால் ஒன்று யோசியுங்கள். கட்டணத்தைக் கட்டினால் மனை சட்டப்படி சரியாகிவிடும். வீடுகள் நெருக்கியடித்து நிற்கிற நகரில், விடாமல் போன பூங்கா எங்கிருந்து வரும்? ரசீதில் ஊஞ்சல் கட்ட முடியாதே!

ஆகவே புதிதாக வீடோ மனையோ வாங்கப் போகிற இளம் தாய்மார்களுக்கு நான் சொல்வது இதுதான். விளம்பர நோட்டீசை நம்பாமல், அனுமதி எண் உள்ள மனைப்பிரிவு வரைபடத்தைக் கேட்டு வாங்குங்கள். 2016-ல் வந்த ரியல் எஸ்டேட் சட்டப்படி, 500 சதுர மீட்டருக்கு மேற்பட்ட திட்டத்தைப் பதிவு செய்துவிட்டுத்தான் விற்க வேண்டும். அந்தப் பதிவு எண்ணையும் கேளுங்கள். வரைபடத்தில் பூங்கா எங்கே, கடைக்கு எங்கே, பொது உபயோகத்துக்கு எங்கே என்று விரல் வைத்துப் பாருங்கள். பிறகு கையோடு அந்த இடத்துக்கே நடந்து போய்ப் பாருங்கள். வரைபடத்தில் இருப்பது தரையிலும் இருக்கிறதா? குட்டையிலோ, உயர் அழுத்த மின்கம்பிக்கு அடியிலோ ஒரு கோணல் துண்டைக் காட்டி 'இதுதான் பார்க்' என்றால், திரும்பி வந்துவிடுங்கள்.

ஏற்கெனவே குடியிருப்பவர்கள் வில்லங்கச் சான்றில் தானப் பத்திரம் இருக்கிறதா என்று பார்க்கலாம். பதிவுத்துறை இணையதளத்தில் வீட்டிலிருந்தே பார்த்துக்கொள்ளலாம். காலேஜ் படிக்கிற பிள்ளையிடம் கொடுத்தால் ஐந்து நிமிஷத்தில் எடுத்துத் தந்துவிடும். பட்டா யார் பெயரில் என்பதையும் அப்படியே பார்த்துவிடலாம். அது உள்ளாட்சி பெயரில் இல்லாவிட்டால், முள் மண்டிக் கிடக்கும்போதே கேளுங்கள். செங்கல் இறங்கிய பிறகு கேட்டால் எங்களைப் போல வருடக்கணக்கில் அலைய வேண்டும். யாரிடம் கேட்பது? அம்பத்தூர் 2011-ல் சென்னை மாநகராட்சியோடு சேர்ந்துவிட்டது. ஆவடி 2019-ல் தனி மாநகராட்சி ஆகிவிட்டது. பூந்தமல்லிக்கு நகராட்சி. உங்கள் நகர் எந்த எல்லையில் வருகிறது என்று தெரிந்துகொண்டால் பாதி அலைச்சல் மிச்சம். தமிழ்நாட்டு உள்ளாட்சிகளில் பாதி இடம் பெண்களுக்கு என்று 2016-ல் சட்டமே வந்துவிட்டது. உங்கள் வார்டு கவுன்சிலர் ஒரு பெண்ணாகவே இருக்கலாம். ஒரு தாயிடம் ஊஞ்சலைப் பற்றிப் பேசுவது கஷ்டமா என்ன?

ஒரு விஷயம். இடம் கிடைத்ததோடு விட்டுவிடாதீர்கள். காலியாகக் கிடக்கிற பொது இடத்தில் முதலில் குப்பை வரும், பிறகு கார் வரும், பிறகு கல் வரும். எங்கள் நகரில் முறை போட்டுக்கொண்டிருக்கிறோம். செவ்வாய்க்கிழமை எங்கள் தெரு, புதன்கிழமை அடுத்த தெரு. செடிக்குத் தண்ணீர் விட்டு, உடைந்த பெஞ்சைப் பார்த்து எழுதிப் போடுவது பெண்கள் பொறுப்பு. விளக்கு எரியாவிட்டால் மின்வாரியத்துக்கும் மாநகராட்சிக்கும் நடையாய் நடப்பது ரிட்டயர் ஆன தாத்தாக்கள் பொறுப்பு. அவர்களுக்கும் பொழுது போக வேண்டாமா?

நாளைக்கு மத்தியானம், வேலையெல்லாம் முடிந்து கொஞ்சம் ஓய்வாக உட்காருகிற நேரத்தில், பீரோவைத் திறந்து உங்கள் வீட்டுப் பத்திர ஃபைலை எடுங்கள். வரைபடத்தைத் தரையில் விரியுங்கள். பக்கத்து வீட்டுக்காரியையும் கூப்பிட்டுக்கொள்ளுங்கள். அதில் பச்சையாகவோ, கோடு போட்டோ ஓர் இடம் இருக்கும். அது உங்கள் குழந்தையுடையது. பத்திரமாக இருக்கிறதா என்று ஒரு நடை போய்ப் பார்த்துவிட்டு வாருங்களேன்!